தருபவர் கணக்கில் வரவு

பி.காம். முதல் வருஷம், முதல் வாரம். கணக்குப்பதிவியல் வாத்தியார் போர்டில் இரண்டே வரி எழுதிப் போட்டார். பெறுபவர் கணக்கில் பற்று. தருபவர் கணக்கில் வரவு. “இதை மட்டும் மறக்காதீங்கடா. மிச்சத்தைப் பாஸான பிறகு மறந்துக்கலாம்” என்றார். குருவாக்கை மீறவில்லை. மிச்சத்தை எல்லாம் மறந்துவிட்டேன். அந்த இரண்டு வரி மட்டும் இன்னும் கூடவே வருகிறது. கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் பார்த்தாலும் சரி, சினிமா டைட்டில் கார்டைப் பார்த்தாலும் சரி, ‘யார் தந்தது, யார் பெற்றது, ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா’ என்று கண் தேடுகிறது.

இந்த வாரம் ஓர் இசை ஆல்பத்தின் கணக்கு நோட்டைப் புரட்டப் போகிறேன். “உங்களுக்கும் இசைக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. சுருதி விலகினால் எனக்குத் தெரியாது. கணக்கு விலகினால் தெரியும்.

ஆல்பத்தின் பெயர் ‘பிளே’. 1999-ல் வந்தது. செய்தவர் மோபி. வீட்டில் வைத்த பெயர் ரிச்சர்ட் மெல்வில் ஹால். ‘மோபி டிக்’ என்ற திமிங்கல நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில் எங்கள் மூதாதை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. அதனால் பிறந்தபோதே ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர். நியூயார்க்காரர். மொட்டைத் தலை, கண்ணாடி, அசைவம் தொடாதவர்.

எலெக்ட்ரானிகா என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் ரொம்ப எளிது. கீ-போர்டு, டிரம் மெஷின், கம்ப்யூட்டர், சாம்ப்ளர். இவற்றை வைத்துக்கொண்டு ஒரே ஆள் ஓர் அறையில் உட்கார்ந்து செய்கிற இசை. வயலின் கோஷ்டி வேண்டாம், கோரஸ் பாட ஆள் வேண்டாம், காலை ஒன்பது மணி கால்ஷீட்டுக்கு வந்தவர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். மோபி இந்த ஆல்பத்தை மன்ஹாட்டனில் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து செய்து முடித்தார். எழுதியவர், வாசித்தவர், பதிவு செய்தவர், தயாரித்தவர் எல்லாம் அவரே. ஏகபோக உரிமை மாதிரி ஏகபோக உழைப்பு.

அப்போது அவர் நிலைமை சரியில்லை. 1996-ல் ‘அனிமல் ரைட்ஸ்’ என்று ஓர் ஆல்பம். டான்ஸ் இசையை எதிர்பார்த்து வந்த ரசிகர்களுக்கு முன்னால் கிதாரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கத்தல் கத்தினார். ரசிகர்கள் கைகழுவினார்கள். அமெரிக்காவில் அவரை வெளியிட்டு வந்த கம்பெனியும் கைகழுவியது. அடுத்து வந்ததுதான் ‘பிளே’. முதல் வாரத்தில் உலகம் முழுக்க விற்றது சுமார் 6,000 பிரதிகள் என்று மோபியே பின்னால் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் ஒரு பெரிய இசைக் கடையின் அடித்தளத்தில் முதல் கச்சேரி. ஜனங்கள் சி.டி.க்குக் காசு கட்ட க்யூவில் நிற்க, இவர் பாட்டுக்கு ஒரு மூலையில் வாசிக்கிறார். கேட்க வந்தவர்கள் 40 பேர் இருந்தால் அதிகம்.

ரேடியோக்காரர்கள் போடவில்லை. எம்.டி.வி. திரும்பிப் பார்க்கவில்லை. ‘சரி, வேறு யார் போடுவார்கள்?’ என்று பார்த்தால், விளம்பரக்காரர்கள் போடுகிறேன் என்றார்கள். காருக்கு ஒரு பாட்டு, கிரெடிட் கார்டுக்கு ஒரு பாட்டு, சினிமாவுக்கு ஒரு பாட்டு, டி.வி. தொடருக்கு ஒரு பாட்டு. ஆல்பத்தில் மொத்தம் 18 பாட்டு. அந்தப் பதினெட்டையும் சினிமாவுக்கோ சீரியலுக்கோ விளம்பரத்துக்கோ லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். ஓர் ஆல்பம் பாக்கியில்லாமல் இப்படிப் போனது அதுவே முதல் தடவை என்பார்கள். 2000-ல் டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படத்தில் ‘போர்சிலேன்’ ஒலித்தது. அந்த ஏப்ரலில் பிரிட்டனில் ஆல்பம் முதலிடம். 6,000 விற்றது போய், வாரத்துக்கு ஒன்றரை லட்சம் என்று விற்க ஆரம்பித்தது. இதுவரை 1 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. எலெக்ட்ரானிகாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர்கள் அபூர்வம்.

*

உடனே கிளம்பினார்கள் ஒரு கூட்டம். “கலையை விற்றுவிட்டான்!”

வருஷக்கணக்கில் இந்தச் சண்டை நடந்தது. காருக்குப் பாட்டை விற்கலாமா? பீருக்குப் பாட்டை விற்கலாமா? புனிதம் என்னாவது?

என்னைக் கேட்டால், இதைவிட அசட்டுத்தனமான சண்டை கிடையாது. வீட்டு வாடகை புனிதத்தால் கட்டப்படுவதில்லை. ரேடியோக்காரன் கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகப் போகிற உரிமை எல்லோருக்கும் உண்டு. பாட்டைப் போட்டவன் காசு கேட்டான், வாங்கியவன் காசு கொடுத்தான், இடையில் காரும் விற்றது. இதில் நஷ்டப்பட்டவர் யார்? சில விமர்சகர்களின் மனசு மட்டும்தான். அதற்கு என் கணக்கு நோட்டில் தலைப்பு கிடையாது.

விஷயம் என்னவென்றால், இந்தச் சண்டை போட்ட சத்தத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று அமுங்கிப்போனது. ‘யாருக்கு விற்றாய்?’ என்று எல்லோரும் கேட்டார்கள். ‘யாருடையதை விற்றாய்?’ என்று கேட்டவர்கள் சொற்பம்.

*

இங்கே என் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2000-ல் நான் கல்லூரி மாணவன். வகுப்புத் தோழன் ஒருவனின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது இந்த சி.டி.யைக் கொண்டுவந்தார். அதை ஒரு காசெட்டில் காப்பி அடித்து எனக்குக் கொடுத்தான். (காப்பிரைட் பற்றிக் கட்டுரை எழுத எவ்வளவு தகுதியான ஆள் பாருங்கள்!) உறை கிடையாது. காசெட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் ‘மோபி - பிளே’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அதில் ‘நேச்சுரல் ப்ளூஸ்’ என்று ஒரு பாட்டு. ஒரு பெண் குரல். எந்த அலங்காரமும் இல்லை. துணி துவைத்துக்கொண்டே, தன் பாட்டுக்குத் தன் கஷ்டத்தைத் தானே கேட்டுக்கொள்கிற மாதிரி ஒரு குரல். அடியில் மெஷின் தாளம் தட்டுகிறது. நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மோபி யாரோ ஒரு பாடகியை அழைத்து, காசு கொடுத்து, மைக் முன்னால் நிற்க வைத்துப் பாட வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம்!

அந்தப் பெண் மோபிக்காகப் பாடவே இல்லை. மோபி பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

பெயர் வேரா ஹால். 1902 வாக்கில் அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். கறுப்பினப் பெண். வெள்ளைக்காரர்கள் வீட்டில் சமையல் வேலை, துணி துவைக்கிற வேலை. காசுக்காகப் பாடியவர் இல்லை. சர்ச்சிலும் வீட்டிலும் வேலை செய்கிற இடத்திலும் பாடியவர். 1937-ல் ஜான் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஊர் ஊராக ரெகார்டிங் மெஷினோடு அலைந்தவர், இவரைப் பதிவு செய்தார். தான் பதிவு செய்த குரல்களிலேயே அழகானது இதுதான் என்று எழுதினார். பிறகு அவர் மகன் ஆலன் லோமாக்ஸ் வந்தார். 1959-ல் தென்மாநிலங்கள் முழுக்கச் சுற்றிப் பதிவு செய்தபோது வேரா ஹாலையும் மறுபடி பாட வைத்தார். ‘ட்ரபிள் சோ ஹார்ட்’ என்ற பாட்டு. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. குரல் மட்டும்.

1964 ஜனவரியில் வேரா ஹால் இறந்துபோனார். 1993-ல் அந்த 1959 பதிவுகள் சி.டி. பெட்டியாக வந்தன. ஒரு நண்பர் மூலம் அது மோபியின் கைக்கு வந்தது. பக்கவாத்தியம் இல்லாத வெறும் குரல் என்றால் சாம்ப்ளருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்ற விடலாம், அடியில் எந்தத் தாளத்தை வேண்டுமானாலும் வைக்கலாம். மோபி அதைத்தான் செய்தார். நன்றாகவே செய்தார். அதை மறுக்கவில்லை.

இது ஒன்று மட்டும் இல்லை. ‘ஹனி’ என்ற பாட்டில் வருவது ஜார்ஜியா கடற்கரைத் தீவுக்காரர் பெஸ்ஸி ஜோன்ஸின் குரல். ‘ஃபைண்ட் மை பேபி’யில் வருவது அர்கன்சாஸில் பாய் ப்ளூ என்ற பட்டப்பெயரில் பாடியவரின் குரல். மூன்றும் லோமாக்ஸின் அதே பெட்டியிலிருந்து எடுத்தவை. இவை தவிர, வேறு பழைய பக்திப் பாடல் பதிவுகளிலிருந்து எடுத்ததும் உண்டு. மோபி தானே பாடியதும், வெறும் இசையும் மிச்சம். ஆனால் ஆல்பத்தை வாங்கியவர்களிடம் ‘எந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது அந்தப் பழைய குரல்களில் ஒன்றைத்தான் முனகிக் காட்டுவார்கள்.

வேடிக்கை பாருங்கள். இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான். ஹால். ஒரு ஹால் உலகம் பூரா தெரிந்த பெயர். இன்னொரு ஹால், உறை இல்லாத காசெட்டில் ஒரு பால்பாயின்ட் பேனாவுக்குக்கூட எட்டாத பெயர்.

*

இப்போது உங்களில் சிலர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். வாருங்கள்.

“சார், அவர் திருடலையே? உரிமை யாருகிட்ட இருந்ததோ அவங்ககிட்ட முறையா கேட்டுத்தானே வாங்கினார்?”

உண்மை. மோபி திருடர் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்குப் பிரச்சினையே நீங்கள் சொன்ன வாக்கியத்தில்தான் இருக்கிறது. உரிமை ‘யாரிடம் இருந்ததோ’. யாரிடம் இருந்தது? பாடியவரிடமா? குரல் வேராவின் தொண்டையில் இருந்தது. பதிவின் உரிமை கம்பெனியிடம் இருந்தது. கிராமத்துப் பாட்டு பரம்பரைச் சொத்து, யாருக்கும் சொந்தமில்லை என்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொருளுக்குத் திடீரென்று ஒரு சொந்தக்காரர் முளைப்பார். அவர் எப்போதும் பேப்பரும் பேனாவும் வைத்திருப்பவராகவே இருப்பார். இது என்ன மாயம்?

இதற்கு ஒரு முன்கதை உண்டு. லெட் பெல்லி என்று ஒரு மாபெரும் கறுப்பினப் பாடகர். சிறையில் இருந்தபோது லோமாக்ஸ் அப்பாவும் பிள்ளையும் அவரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள். அவர் பாட்டுகளில் புகழ்பெற்றது ‘குட்நைட் ஐரீன்’. அந்தப் பாட்டின் உரிமையில் லெட் பெல்லியின் பெயருக்குப் பக்கத்தில் ஜான் லோமாக்ஸின் பெயரும் ஏறியது. 1949 டிசம்பரில் லெட் பெல்லி காலமானார். 1950-ல் ‘வீவர்ஸ்’ என்ற குழு அதே பாட்டைப் பாடி அமெரிக்காவில் வாரக்கணக்கில் முதலிடம். பாடியவர் போன ஆறே மாதத்தில் பாட்டு பொன்முட்டை இட ஆரம்பித்தது.

இதைச் சொல்வதால் லோமாக்ஸ் குடும்பத்தை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அவர்கள் அந்த மெஷினைச் சுமந்துகொண்டு அந்த மண் ரோட்டில் போகாமல் இருந்திருந்தால் வேரா ஹாலின் குரல் வேரா ஹாலோடு போயிருக்கும். ஆலன் லோமாக்ஸ் ஆயுள் முழுக்க அந்த ஜனங்களுக்காக வாதாடியவர். 1948-ல் வேராவை நியூயார்க்குக்கு வரவழைத்து மேடை ஏற்றினார். அவர் வாழ்க்கைக் கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். 1959-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஆனால் அந்தப் புத்தகத்தில் வேரா ஹாலின் பெயர் வேரா ஹால் இல்லை. பெயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். அவருடைய பாதுகாப்புக்காக என்று ஒரு நியாயம் சொல்லலாம். அந்தக் கால அலபாமாவில் கறுப்பினப் பெண் தன் கதையைத் தன் பெயரில் சொல்வது சின்ன விஷயம் இல்லைதான். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். நல்ல மனிதர் கையில் போனபோதே பெயர் ஒரு தடவை காணாமல் போய்விட்டது. அப்புறம் சாம்ப்ளர் கையில் போனால் என்ன மிஞ்சும்?

‘பிளே’ ஆல்பத்தின் உள்ளுறையில் ஒரு நன்றி அறிவிப்பு இருக்கிறது. லோமாக்ஸ் குடும்பத்துக்கும், களப்பதிவுகளால் இந்த ஆல்பத்தைச் சாத்தியமாக்கிய ஆவணக்காரர்கள், இசை வரலாற்றாளர்கள் எல்லோருக்கும் விசேஷ நன்றி என்கிறது அது. பெரிய மனசுதான். இன்னொரு தடவை படியுங்கள். பதிவு செய்தவர்களுக்கு நன்றி. பாதுகாத்தவர்களுக்கு நன்றி. பாடியவர்களுக்கு? பெட்டியைத் திறந்துவிட்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பெட்டிக்குள் நகை வைத்தவரை அந்த வரியில் விட்டுவிட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு சின்ன எழுத்தில் போட்ட விவரத்தில் அவர் பெயரைத் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். பூதக்கண்ணாடி உங்கள் செலவு.

2000-ல் ‘நேச்சுரல் ப்ளூஸ்’ பாட்டுக்கு ஒரு வீடியோ எடுத்தார்கள். முதியோர் இல்லத்தில் தள்ளாத கிழவராக மோபி. தேவதையாக கிறிஸ்டினா ரிச்சி வந்து அவரைத் தூக்கிக்கொள்கிறார். விருதெல்லாம் வாங்கிய வீடியோ. காதில் விழுகிற துன்பம் லிவிங்ஸ்டன் சலவைக்காரியுடையது. கண்ணில் தெரிகிற துன்பம் மோபியுடையது. குரலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, தயாரிப்பாளரின் முகமே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு வாதம் வரும். “மோபி எடுத்துப் போடலைன்னா வேரா ஹாலை யாருக்கு சார் தெரிஞ்சிருக்கும்? உங்களுக்கே தெரிஞ்சிருக்காதே!”

கெட்டிக்காரத்தனமான வாதம். பாதி உண்மையும்கூட. ஆனால் இதே வாதத்தை என்றைக்காவது மேலே இருப்பவரிடம் பேசியதுண்டா? பெரிய பாடகர் ஒருவரின் பாட்டைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டுவிட்டு, ‘உங்களுக்கு விளம்பரம்தானே சார்’ என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும். ‘உனக்குப் புகழ் கிடைத்ததே, போதாதா?’ என்ற கேள்வி எப்போதும் ஏழையைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. பணக்காரருக்குப் பணம், ஏழைக்குப் புகழ். அதுவும் செத்த பிறகு.

*

“சரி சார், குறை சொல்றது சுலபம். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ பாடினவங்களை எங்கே போய்த் தேடறது? நடைமுறைல முடியுமா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அதே ஆலன் லோமாக்ஸ். அதே 1959 பயணம். மிசிசிப்பி மாநிலச் சிறைச்சாலையில் கைதிகள் மரம் வெட்டிக்கொண்டே பாடுவதைப் பதிவு செய்கிறார். முன்பாட்டுப் பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர் என்ற கைதி. பாட்டு ‘போ லாசரஸ்’. கோடாலி விழுகிற சத்தம்தான் தாளம். நாற்பது வருஷம் கழித்து, 2000-ல், கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படம் அந்தப் பாட்டோடுதான் ஆரம்பிக்கிறது. பாட்டு ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. 2002-ல் கிராமியின் சிறந்த ஆல்பம் விருது.

இங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. லோமாக்ஸ் ஆவணக் காப்பகமும் ஆல்பத்தைத் தயாரித்தவர்களும் ‘இந்த ஜேம்ஸ் கார்ட்டர் உயிரோடு இருக்கிறாரா?’ என்று தேட ஆரம்பித்தார்கள். சிறை ஆவணங்களைப் புரட்டினார்கள். முகவரிகளைத் துழாவினார்கள். கடைசியில் சிகாகோவில் கண்டுபிடித்தே விட்டார்கள். 76 வயதுக் கிழவர். அப்படி ஒரு பதிவு நடந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. 2002-ல் வீடு தேடிப் போய் 20,000 டாலர் செக்கைக் கையில் கொடுத்தார்கள். முதல் தவணை அது. மைக்கேல் ஜாக்சனைவிட உங்கள் ஆல்பம் அதிகம் விற்கிறது என்று சொன்னதும், அவர் வந்து பிடிக்கட்டும், நான் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன் என்றாராம் அந்தக் கிழவர். அடுத்த வருஷம் காலமானார்.

பார்த்தீர்களா? பழைய கைதி. சாதாரணப் பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். அந்த ஆளையே தேடிப் பிடித்துவிட்டார்கள். எதனால் முடிந்தது? ‘இவருக்கு நாம் கொடுக்க வேண்டியிருக்கிறது’ என்று யாரோ நினைத்தார்கள். அவ்வளவுதான். தேட முடியாது என்பது பொய். தேடத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம்.

வேரா ஹால் விஷயத்தில் அவரையே தேடிப் பயனில்லை, இறந்துவிட்டார். ஆனால் ஊர் இருந்தது. உறவு இருந்திருக்கும். குறைந்தபட்சம் பெயர் இருந்தது. ஆல்பத்தின் முன்னட்டையில் அந்தப் பெயரைப் போட ஆகிற மைச்செலவு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்?

*

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஆல்பத்துக்கு இப்போது ஏன் இந்த ஒப்பாரி என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

மோபி ஒரு குரலை எடுத்து வெட்டினார். குறைந்தது அது வேராவின் குரலாகவே இருந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மெஷின் ஒரு குரலை எடுப்பதில்லை. லட்சம் குரல்களைத் தின்று செரித்து, யாருடையதும் இல்லாத ஒரு குரலைக் கக்குகிறது. தருபவர் லட்சம் பேர் என்றால் தருபவரே இல்லை என்று கணக்கு முடிந்துவிடுகிறது. 2024 ஜூனில் உலகின் பெரிய இசைக் கம்பெனிகள் சூனோ, யூடியோ என்ற இரண்டு மெஷின்-பாட்டுக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டன. எங்கள் பாட்டைக் கேட்காமல் தின்றுவிட்டது என்று. 2025-ல் அதில் சில கம்பெனிகள் சமரசமாகி, வழக்குப் போட்டவர்களோடேயே தொழில் கூட்டு வைத்துக்கொண்டன. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. சலவைக்காரிக்கு நாற்காலி போட்டார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஒழுங்காகச் செய்யவே முடியாதா? முடியும். 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் ‘திமிரி எழுடா’ பாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இரண்டு பேரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் மறுபடி கொண்டுவந்தார். ‘செத்தவர்களைப் பாட வைக்கலாமா?’ என்று ஊரே கேட்டது. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டோம், உரிய ஊதியத்தையும் கொடுத்தோம் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். பாட்டு பிடிக்கிறதா இல்லையா என்பது உங்கள் பாடு. நான் பார்ப்பது மூன்றே மூன்று வேலையை. கேட்டார். கொடுத்தார். பெயரைச் சொன்னார். இந்த மூன்றுக்கும் எந்த மெஷினும் வேண்டாம்.

‘தனி ஆள் ஆல்பம்’ என்று யாராவது உங்களிடம் நீட்டினால் நம்பாதீர்கள். தனி ஆள் என்று ஒருவர் இசையில் கிடையாது. அறையில் வேண்டுமானால் ஒருவர் இருப்பார். கதவுக்கு வெளியே ஒரு கூட்டமே நின்றுகொண்டிருக்கும். அவர்களை உள்ளே விடாமல் தாழ் போட்டுக்கொண்டால்தான் ‘எல்லாம் நானே’ என்று எழுத முடியும்.

நம் ஊர் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். பதினோரு ரூபாய் வைத்தவர் பெயரையும் ஊர் போட்டு, அப்பா பெயர் போட்டு எழுதுவார்கள். வைத்தவர் இறந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று யாரும் நோட்டைக் கிழித்துப் போடுவதில்லை. அவர் பிள்ளை வீட்டு விசேஷத்துக்குத் தேடிப் போய்த் திருப்பிச் செய்கிறோம். செய்யாவிட்டால் ஊர் கேட்கும். கல்யாணத்துக்கு கல்யாணம் நாலு மணி நேரம் வாடகை மேஜை போட்டு உட்கார்கிற, பால்பாயின்ட் பேனா வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சிக்குத் தெரிந்த நாகரிகம் இது. கோடிக்கணக்கில் புரள்கிற ஓர் இசை உலகத்துக்குத் தெரியாது என்றால் நம்புவீர்களா?

ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி போனை எடுத்து ‘ட்ரபிள் சோ ஹார்ட்’ என்று தேடுங்கள். மெஷின் இல்லாத 1959 பதிவைக் கேளுங்கள். தாளம் இல்லை, கீ-போர்டு இல்லை. ஒரு பெண்மணி மட்டும் பாடுகிறார். பாட்டு முடிந்ததும் அவர் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேரா ஹால்.

நானும் பரணில் தேடி அந்தப் பழைய காசெட்டை எடுத்துவிட்டேன். ‘மோபி - பிளே’ என்பதை அடிக்கவில்லை. அவர் உழைப்பு அது, இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதிவைத்தேன். இருபத்தைந்து வருஷம் தாமதமான பதிவு. ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாத்தியார் ஒத்துக்கொள்வார்.